தடையா, தனி மூலையா: எங்கள் கல்லூரி வளாகத்துக்கு எது சரி?

எங்கள் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. கை எட்டும் உயரம்வரை அதில் இலையே இருக்காது. முதல் தடவை பார்ப்பவர்கள் ஆடு மேய்ந்திருக்கும் என்று நினைப்பார்கள். ஆடு இல்லை, பிள்ளைகள்தான். சிகரெட்டை முடித்ததும் இரண்டு இலையைக் கிள்ளுவார்கள். ஒன்றை வாயில் போட்டு மெல்வார்கள், இன்னொன்றைக் கசக்கி ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தேய்த்துக்கொள்வார்கள். அதன்பிறகுதான் வகுப்புக்கு வருவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் என் பக்கத்தில் பியூரெட் பிடித்து நிற்கும் பையனின் கையில் கொய்யா இலை வாசம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, செம்மண் பூமியில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. பெயர் வேண்டாம். புதுவயல், கல்லல், தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் பாதி, ஹாஸ்டல் பிள்ளைகள் மீதி. பெரும்பாலோர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள், வளாகத்தில் புகைப்பது பற்றி மாணவர் நலக் குழு ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து நானும் குழுவில் இருக்கிறேன். எங்கள் மேசையில் நான்கு யோசனைகள் கிடக்கின்றன. இப்போது இருப்பதுபோலவே விட்டுவிடலாம், அதாவது கட்டடத்துக்குள் கூடாது, வெளியே கண்டும் காணாமல் இருப்பது. அல்லது, புகைப்பதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கித் தரலாம். அல்லது, கேட்டுக்குள் எங்குமே கூடாது என்று சொல்லி, பிடிபட்டால் அபராதமும் வீட்டுக்குக் கடிதமும் என்று வைக்கலாம். கடைசியாக, கேட்டுக்குள் எங்குமே கூடாது, ஆனால் கடிதம் கிடையாது, விடுவதற்கு உதவி மட்டும் உண்டு என்று வைக்கலாம். என் வாக்கு எதற்கு, ஏன் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட நினைக்கிறேன். வேறு கல்லூரிகளிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கும் உதவலாம்.

பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது என்பதில் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம். நூலக வாசலில் ஒரு பெரிய ஓலைக் கொட்டானை வைத்தோம். பெயர் எழுத வேண்டாம், துறை எழுத வேண்டாம், நினைப்பதை எழுதிப் போடுங்கள் என்று சொன்னோம். ஒரு வாரத்தில் கொட்டான் நிறைந்தது. மாணவிகளின் சீட்டுகள் கையெழுத்திலேயே தெரிந்தன. தடை வேண்டும் என்பதில் அவர்களிடம் இரண்டாம் பேச்சே இல்லை. ஒரு பெண் எழுதியிருந்தாள்: நூலகத்துக்குப் போகும் குறுக்கு வழி சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போகிறது, எனக்கு வீசிங் உண்டு, அதனால் மூன்று வருஷமாகச் சுற்றிப் போகிறேன். மூன்று வருஷம், தினமும் இரண்டு முறை, வெயிலில். இதைப் படிக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

புகைக்காத பையன்களும் பெரும்பாலும் தடைக்கு ஆதரவுதான். ஆனால் அவர்கள் சீட்டுகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: யார் சொல்வது? கூடப் படிப்பவனிடம் போய் ‘அணைடா’ என்று சொல்ல அவர்களால் முடியாது. சொன்னால் நட்பு போய்விடும்.

என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தவை புகைப்பவர்களின் சீட்டுகள்தான். எதிர்ப்பு மட்டும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எதிர்ப்பும் இருந்தது: ‘எனக்குப் பதினெட்டு ஆச்சு’, ‘வெட்டவெளியில பிடிச்சா யாருக்கு என்ன’, ‘ஸ்டாஃப் பிடிக்கலாமா?’. ஆனால் கணிசமானவர்கள் எழுதியது வேறு. ஒரு சீட்டு அப்படியே என் டைரியில் இருக்கிறது: ‘தடை போடுங்க சார். உள்ள பிடிக்க முடியலன்னா நானும் கொறச்சுருவேன். அப்பாவுக்கு லெட்டர் மட்டும் வேணாம்.’

நாங்கள் கேட்டது எங்கள் கல்லூரியில் மட்டும்தான். ஆனால் இந்த விஷயத்தை நெடுநாள் ஆராய்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் கிட்டத்தட்ட இதே சித்திரம்தான் வந்திருக்கிறது. புகைக்காதவர்களும் பெண்களும் தடையை அதிகம் ஆதரிப்பார்கள். தினமும் புகைப்பவர்கள் எதிர்ப்பார்கள். எப்போதாவது, நண்பர்கள் கூடும்போது மட்டும் புகைப்பவர்கள் நடுவில் நிற்பார்கள், பெரும்பாலும் தடைப் பக்கம் சாய்வார்கள். இன்னொன்றும் அங்கே தெரியவந்தது. தங்களோடு படிப்பவர்களில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று கேட்டால், மாணவர்கள் உண்மையைவிட அதிகமாகவே சொல்வார்கள். ‘எல்லாரும்தான் பிடிக்கிறாங்க’ என்ற நினைப்பே ஒருவனைப் பிடிக்கவைக்கிறது. எங்கள் சைக்கிள் ஸ்டாண்டிலும் நிற்பது பத்துப் பதினைந்து பேர்தான். ஆனால் முதலாமாண்டுப் பையன் கண்ணுக்கு அதுதான் கல்லூரி.

சரி, முதல் யோசனைக்கு வருகிறேன். இருப்பதுபோல விடுவது. இதற்காக அதிகம் பேச ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. பொது இடம் என்று அது எண்ணிச் சொல்லும் பட்டியலில் கல்வி நிலையங்களும் நூலகங்களும் உண்டு. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், மீறுபவரிடம் 200 ரூபாய்வரை அபராதம் வாங்கும் அதிகாரத்தைத் துணைவேந்தர், முதல்வர், தலைமையாசிரியர் போன்றவர்கள் கையிலேயே கொடுத்திருக்கின்றன. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறது. எங்கள் கல்லூரியிலும் பலகை இருக்கிறது, அதற்குக் கீழேயே சிகரெட் துண்டுகளும் கிடக்கின்றன. ‘பொது இடம்’ என்பதிலிருந்து திறந்தவெளியைச் சட்டம் விலக்கி வைத்திருப்பதால் மைதானமும் மரத்தடியும் அதில் வருமா வராதா என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்தின் நிழலில்தான் நாங்கள் இத்தனை வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோம். மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் திருத்தி வெளியிட்ட புகையிலையற்ற கல்வி நிறுவன வழிகாட்டுதலில் அந்தக் குழப்பம் இல்லை. வளாகத்துக்குள் எங்கும் புகையிலைப் பயன்பாடு கூடாது, துண்டுகூடக் கிடக்கக் கூடாது என்பதே அதன் போக்கு. இருப்பதுபோல விடுவதென்றால், சுற்றிப் போகும் அந்தப் பெண்ணிடம் நான்காவது வருஷமும் சுற்றிப் போ என்று சொல்வதாகும்.

இரண்டாவது யோசனையைக் கொண்டுவந்தவர் எங்கள் குழுவில் மூத்தவர், நான் மதிப்பவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘தம்பி, பழக்கமாயிட்டவனுக்கு மூணு மணி நேரம் தாங்காது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டுட்டா மத்த இடம் சுத்தமாயிரும். ஒளிஞ்சு பிடிக்கிறவன் வெளிய வந்துருவான்’ என்றார்.

முதல் பாதி உண்மைதான். நிகோடின் இழுத்த பத்து இருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். ஒன்பதரைக்கு வகுப்புக்கு வந்தவன் பதினொன்றரைக்குக் கரும்பலகையைப் பார்க்க மாட்டான், ஜன்னலைத்தான் பார்ப்பான். அதை நான் தினமும் பார்க்கிறேன். வெட்டவெளியில் பிடித்தால் மற்றவர்களுக்குக் கேடு குறைவு என்று பிள்ளைகள் எழுதியதிலும் பாதி உண்மை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட அளவீட்டில், பக்கத்தில் நிற்பவருக்கு வெளியிலும் புகை அறைக்குள் இருப்பதற்கு இணையாக ஏறுகிறது, ஆனால் இரண்டு மீட்டருக்கு அப்பால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று தெரிந்தது. ஆக, தள்ளி ஒரு கொட்டகை என்பது மூச்சுக்கு ஓரளவு உதவும்.

ஆனால் இரண்டு காரணங்களால் இது எங்களுக்கு ஒத்துவராது. முதலாவது சட்டம். புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ளும் சலுகை 30 அறைகள் உள்ள ஹோட்டல், 30 பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. கல்லூரிக்கு இல்லை. முதலாமாண்டில் சேரும்போது பல பிள்ளைகளுக்குப் பதினேழுதான் நடக்கும். பதினெட்டு ஆகாத பிள்ளைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. அந்த வயதுப் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில், புகைப்பதற்கென்று ஒரு கொட்டகையை நாமே போட்டு நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது காரணத்தைப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். தனி மூலையை யாரும் கேட்கவில்லை. புகைப்பவர்களே கேட்கவில்லை. ‘அங்க போய் நின்னா ஊருக்கே தெரிஞ்சுரும் சார்’ என்றான் ஒருவன். இது நம் பக்கத்துக்கே உரிய விஷயம். வெளிநாட்டு வளாகத்தில் வேலை செய்த ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்க முடியாததும் இதனால்தான். என் சின்ன வயதில் விசேஷ வீடுகளில் வெற்றிலைத் தட்டிலேயே சிகரெட்டும் இருக்கும். வீட்டு முன்கூடமான பட்டாலையில் பெரியவர்கள் சுருட்டுப் பிடிப்பார்கள். ஆனால் வாலிபப் பிள்ளை எவனும் அவர்கள் கண்முன் பற்றவைக்க மாட்டான். தெருவில் அம்மான் வருவது தெரிந்தால் பாதிச் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டுத்தான் ‘வாங்க அம்மான்’ என்பான். இன்றும் அப்படித்தான். என்னைக் கண்டதும் கை பின்னால் போகிறது. அந்தக் கூச்சம் ஒரு நல்ல விஷயம், நாம் எழுதாமலே இருக்கும் தடை அது. பெயர்ப்பலகை மாட்டிய கொட்டகையில் வாத்தியார் பார்க்க நின்று பிடி என்று சொன்னால், ஒன்று பிள்ளை அங்கே போக மாட்டான், கொய்யா மரத்தடிக்கே திரும்புவான். இல்லை, போய்ப் பழகி அந்தக் கூச்சத்தை இழப்பான். இரண்டும் எனக்கு வேண்டாம்.

மூன்றாவது யோசனையைப் பற்றி நான் நடுநிலையோடு எழுத முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு இதே மூன்றாவது யோசனை இங்கே நடைமுறையில் இருந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு பையன் பிடிபட்டான். இரண்டாமாண்டு, கணக்கில் கெட்டிக்காரன். வீட்டுக்குக் கடிதம் போயிற்று. அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். கடிதத்தை யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆபீஸ் வராண்டாவில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக்கோடு அப்படியே இருந்தது. விசேஷத்துக்குப் போடும் சட்டை. பையனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்றதும் ஒன்றும் கேட்கவில்லை, அறைந்தார். கிளார்க்குகள், கட்டணம் கட்ட வரிசையில் நின்ற மாணவிகள், நான், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ‘மன்னிச்சுக்கங்கய்யா’ என்றார். எதற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பையன் அவரோடு போனான். திரும்பி வரவில்லை. டி.சி.கூட வாங்க வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று அவன் ஊர்க்காரப் பிள்ளை ஒருவன் பிறகு சொன்னான். புகைப்பதை விட்டானா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் இருந்த கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது.

ஒரு சிகரெட்டுக்காக ஒரு பட்டப்படிப்பு போயிற்று. அதனால் மொட்டை மாடியில் புகைப்பது குறைந்ததா என்றால், இல்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்தது. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடிதம் என்பது கண்டிப்பு அல்ல. நாம் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஏழைத் தகப்பனின் கையில் கொடுத்து, அவமானத்தையும் அவர் தலையில் கட்டுவதுதான் அது. கொட்டானில் விழுந்த சீட்டுகளில் புகைப்பவர்கள் பயந்தது தடைக்கு அல்ல, கடிதத்துக்குத்தான். தடையை எதிர்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருந்த பலர் உண்மையில் கடிதத்தைத்தான் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி ஐந்நூறு ஆயிரம் என்று தானாக அபராதம் போடுவதும் இதே வகைதான். அந்தப் பணமும் அப்பாவிடமிருந்துதான் வரும். சட்டம் சொல்லும் 200 ரூபாய் போதும். அதுவும் மறுபடி மறுபடி மீறுபவருக்கு.

நான்காவதுக்கு வருகிறேன். கேட்டுக்குள் முழுத் தடை. கடிதம் இல்லை, இன்டர்னல் மார்க்கில் கை வைப்பதில்லை. முதல் தடவை பிடிபட்டால் பெயரைக் குறித்துக்கொண்டு ஒரு ஆசிரியரோடு அரை மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். அந்த ஆசிரியரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண் 2016 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை. 2018 செப்டம்பரிலிருந்து அந்த எண்ணைச் சிகரெட் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் பெட்டி வாங்குவதில்லை. ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறார்கள். எச்சரிக்கைப் படமும் எண்ணும் கடைக்காரர் கையிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் அந்த எண்ணை நூலகச் சீட்டின் பின்பக்கம் அச்சிடலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். நல்ல யோசனை, குழுவில் வைக்கிறேன்.

இது இளக்கமான தடை, யாரும் பயப்பட மாட்டார்கள் என்று ஒரு வாதம் வரும். பயம் இல்லாமல் தடை வேலை செய்யுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சான்று அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம். 2007க்கும் 2009க்கும் இடையில் வளாகம் முழுவதும் தடை வந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் புகைக்கும் மாணவர் விகிதம் 16.5 சதவீதத்திலிருந்து 12.8 ஆக இறங்கியது. அப்படித் தடை இல்லாத, அதே மாநிலத்துப் பல்கலைக்கழகமான பர்டியூவில் அதே காலத்தில் 9.5இலிருந்து 10.1 ஆயிற்று. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, தடை வந்தபின் மாணவர்களின் மனநிலையும் தடைக்கு ஆதரவாக நகர்ந்தது என்பதுதான். முதலில் மனம் மாறட்டும், பிறகு விதி போடலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. விதி வந்து, அது நியாயமானது என்று தெரிந்தால், மனமும் பின்னால் வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் வளாகங்கள் அனைத்தையும் 2014 ஜனவரியிலிருந்து புகையிலையற்றவை ஆக்கியது, சிகரெட் மட்டுமல்ல, எல்லாப் புகையிலையும்.

அந்த ‘எல்லாப் புகையிலையும்’ என்பதில்தான் எங்கள் நான்காவது யோசனை இன்னும் குறையாக இருக்கிறது. குழுவின் வரைவில் ‘புகைபிடித்தல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அது பாதிக் கதவை மட்டும் மூடுவது. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையாத வகையில் மெல்பவர்களும் அதக்குபவர்களும் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு. இப்போது பிள்ளைகளிடையே ஓடுவது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பொட்டலம். புகை இல்லை, வாசமும் புதினா வாசம். கொய்யா இலைகூடத் தேவையில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் வைத்துக்கொண்டே என்னிடம் பதில் சொல்லலாம். ஒரு நாள் ஆய்வகத்தில் வாஷ்பேசினைச் சுத்தம் செய்த அக்கா வடிகட்டியிலிருந்து ஒரு கை நிறைய ஊறிப்போன வெள்ளைப் பொட்டலங்களை எடுத்துக் காட்டினார். ‘இது என்னா சார், டீத்தூள் பையா?’ என்று கேட்டார். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2013 முதல் தடையில் இருக்கின்றன. ஆனாலும் பொட்டலம் வந்துகொண்டுதான் இருக்கிறது. புகைக்கு மட்டும் தடை போட்டால், புகைப்பவனை நாமே இதன் பக்கம் தள்ளிவிடுவோம். ஈறு வெளுத்து, கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு விழுந்தபிறகு அவன் வந்து நின்றால் நாம் என்ன பதில் சொல்வது? வரைவில் ‘புகைபிடித்தல்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘எந்த வகைப் புகையிலையும்’ என்று எழுதச் சொல்லப்போகிறேன். 2019 முதல் நாடு முழுதும் விற்பனைக்குத் தடை உள்ள மின்சிகரெட்டையும் சேர்த்து.

நான்காவது யோசனை நிற்க இன்னும் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று எங்கள் பக்கத்தில். ‘ஸ்டாஃப் பிடிக்கலாமா?’ என்று கேட்ட சீட்டுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலும் துண்டுகள் கிடக்கின்றன. கேட் வாட்ச்மேன் அண்ணன் ராத்திரிப் பணியில் பீடியோடுதான் உட்கார்ந்திருப்பார், முப்பது வருஷப் பழக்கம். தடை எல்லோருக்கும் என்றால் அவருக்கும்தான். பிள்ளைகளுக்குத் தருகிற உதவி அவருக்கும் தர வேண்டும். சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘பிள்ளைகளுக்காகன்னா விட்டுப் பாக்குறேன் சார். ரெண்டு மூணு நாள் கிறுக்குப் புடிச்ச மாதிரி இருக்கும், கோவிச்சுக்காதீக’ என்றார். அவர் சொன்ன கணக்கு சரி. விட்ட இரண்டு மூன்று நாளில்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அதனால்தான் தடை தொடங்கும் நாள் செமஸ்டர் தேர்வை ஒட்டி இருக்கக் கூடாது, ஜூனில் வகுப்பு தொடங்கும் முதல் வாரமே சரி என்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் சைக்கிள் ஸ்டாண்டு மரத்தடியைப் பார்ப்பதற்குமுன் அது காலியாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கைப்படி, அங்கே தினமும் புகைப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்டத்தட்டப் பதினெட்டு வயதுக்குள் முதல் சிகரெட் நடந்துவிட்டது, இருபத்தாறைத் தாண்டித் தொடங்கியவர்கள் நூற்றில் ஒருவர். கல்லூரியின் இந்த மூன்று வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

தடை ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பிடிபட்டவர்களை எண்ணினால் கெடுபிடிதான் வளரும். துண்டுகளை எண்ணலாம். என்.எஸ்.எஸ். பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வளாகத்தைச் சுற்றிப் பொறுக்கி, ஒரு வாளியில் போட்டு எண்ணிப் பலகையில் எழுதட்டும். வெளிநாட்டு வளாகங்களிலும் இப்படி எண்ணுகிறார்கள். சிகரெட்டின் வடிகட்டி பஞ்சு அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். மழைக்குக் கரையாது, இந்த மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். சித்திரையில் காய்ந்த புல்லில் அணையாத துண்டு ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை மைதானத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு தடவை பார்த்தாயிற்று. சீமைக் கருவேல் புதர் முழுதும் எரிந்து, தீயணைப்பு வண்டி வந்துதான் அணைத்தது.

இரண்டாவது காரியம் கேட்டுக்கு வெளியே. கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது 91 மீட்டர் சொச்சத்துக்குள், புகையிலை விற்கக் கூடாது என்று அதே 2003 சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. அந்த எல்லையில் மஞ்சள் கோடு போடச் சொல்கிறது 2019 வழிகாட்டுதல். போன வாரம் இரண்டு மாணவர்களும் நானும் டேப் பிடித்து அளந்தோம். சுவரிலிருந்து பெட்டிக்கடை 64 மீட்டரில் இருந்தது. கடைக்கார அக்கா வெளியே வந்து நின்று பார்த்தார். அந்தக் கடையில் ஒரு காலத்தில் தூணில் கயிறு கட்டி நுனியில் கங்கு வைத்திருப்பார்கள், பற்றவைக்க. இப்போது அதே தூணில் லைட்டர் தொங்குகிறது.

‘என்னா தம்பி, ரோடு போடப் போறாகளா?’

விஷயத்தைச் சொன்னேன். போலீசில் சொல்ல வரவில்லை, உங்களிடம் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் புருஷன் இல்லாதவர், ஒரு மகள் பள்ளத்தூரில் படிக்கிறாள். சிகரெட்டில் பெரிய லாபம் ஒன்றுமில்லையாம். சிகரெட் வாங்க வருகிறவன் டீயும் குடிப்பான், முறுக்கும் தின்பான், அதில்தான் கடை ஓடுகிறது என்றார்.

‘அத நிப்பாட்டிட்டா பயலுக அடுத்த கடைக்குப் போயிருவாகளே தம்பி. அந்தக் கடைக்கு உங்க டேப்பு எட்டுமா?’

எட்டாது. அடுத்த கடை கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பதினைந்து நிமிஷ இடைவேளையில் அங்கே போய்த் திரும்பப் பிள்ளைகளுக்கு நேரம் போதாது என்றேன். கேன்டீன் வாசலில் காலையில் வெள்ளைப் பணியாரமும் சீயமும் போட இடம் கேட்டுத் தருகிறேன், வாடகை வேண்டாம் என்று குழுவில் பேசுகிறேன் என்றேன். அக்கா யோசித்தார். ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணாடி ஜாடிக்குப் பின்னால் இருந்த சிகரெட் பெட்டிகளை எடுத்து எண்ணினார், ஏழு பெட்டி.

‘இந்தச் சரக்கு தீந்ததும் வாங்கல. நீங்க எழுத்துல குடுங்க, பணியாரத்துக்கு’ என்றார்.

வருகிற புதன்கிழமை கூட்டம். நான்காவது யோசனையோடு, திருத்திய வரைவோடு, அந்த எழுத்தையும் கையெழுத்துக்கு எடுத்துப் போகிறேன்.